விரல் ரேகையா, முகமா?



மாதத்தின் முதல் வாரத்தில் மொரப்பூர்ப் பக்கம் ஏதேனும் ஒரு ரேஷன் கடை வாசலில் சற்று நேரம் நின்று பாருங்கள். "ரேகை விழவில்லை" என்ற சொல் உங்கள் காதில் விழாமல் இராது. பாட்டி ஒருவர் கட்டை விரலைப் பொறியின் கண்ணாடியில் வைக்கிறார். பொறி ஏற்க மறுக்கிறது. சேலைத் தலைப்பில் விரலைத் துடைத்துவிட்டு மறுபடியும் வைக்கிறார். மீண்டும் மறுப்பு. "இன்னொரு விரலை வையுங்க ஆயா" என்கிறார் விற்பனையாளர். அதே வரிசையில் நிற்கும் பேரனோ தன் செல்போனை விரலால் தொடுகிறான். கண் இமைக்கும் நேரத்தில் அது திறந்துகொள்கிறது.

இரண்டும் ஒரே வேலைதான். விரலைப் படம் பிடிப்பது, முன்பு பதிந்து வைத்ததோடு ஒப்பிடுவது, 'ஆம்' அல்லது 'இல்லை' என்று சொல்வது. அப்படியிருக்க, ஒன்று எளிதாக நடப்பதும் மற்றொன்று திணறுவதும் ஏன்? இதற்கு விடை கண்டால், உங்களில் பலருக்கும் எழும் வேறொரு கேள்விக்கும் விடை கிடைத்துவிடும். செல்போனைத் திறக்கக் கைரேகை நம்பத்தக்கதா, முகம் நம்பத்தக்கதா என்பதே அக்கேள்வி.

சங்கும் சக்கரமும்

சிறு வயதில் விரல் நுனியை உற்றுப் பார்த்து, "எனக்கு ஆறு சக்கரம், உனக்கு எத்தனை?" என்று எண்ணி விளையாடியிருப்பீர்கள். சங்கு, சக்கரம் என்று நம் வீடுகளில் சொல்லப்படும் இவ்வடிவங்களை அறிவியலாரும் வகைப்படுத்தியுள்ளனர். ஒரு பக்கம் வளைந்து திரும்பும் சங்கு வகை நூற்றுக்கு ஏறத்தாழ 60 முதல் 65 வரை. சுழன்று மூடும் சக்கர வகை ஏறத்தாழ 30. வில் போல் எழுந்து தாழும் வகை ஏறத்தாழ 5. நாம் தாயின் வயிற்றில் இருக்கும்போதே, ஏறத்தாழ பத்தாவது வாரத்தில் தொடங்கி இருபத்து நான்காவது வாரத்திற்குள் இவை உருவாகி முடிந்துவிடுகின்றன. உருவ ஒற்றுமையுள்ள இரட்டையருக்கும் ரேகைகள் வேறு வேறே.

ஆனால் பொறி சங்கையும் சக்கரத்தையும் நம்பி முடிவு செய்வதில்லை. உலகில் பாதிப் பேருக்கு மேல் சங்கு இருக்கும்போது அதனால் என்ன பயன்? ஒரு ரேகை எங்கே முடிகிறது, எங்கே இரண்டாகக் கிளை விடுகிறது என்பதையே அது தேடுகிறது. இவ்விடங்களை நுண்குறிகள் என்போம். ஒரு விரலில் பல பத்து நுண்குறிகள் கிடைக்கும். அவற்றிற்கிடையே உள்ள தொலைவும் கோணமும்தாம் உங்கள் விரலின் முகவரி.

இக்கலை வளர்ந்த இடங்களுள் நம் நாடும் ஒன்று. 1858இல் வங்காளத்தில் வில்லியம் ஹெர்ஷல் என்னும் ஆங்கில அதிகாரி ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்துக்குப் பதில் உள்ளங்கைப் பதிவை வாங்கினார். 1897இல் கல்கத்தாவில் கைரேகைப் பணியகம் நிறுவப்பட்டது. ரேகைகளை வகைப்படுத்தும் முறைக்கு எட்வர்டு ஹென்றியின் பெயர் நிலைத்துவிட்டாலும், அதன் கணக்கை வகுத்ததில் அசிசுல் ஹக், ஹேம் சந்திர போஸ் என்னும் இரு இந்தியர்களின் பங்கு பெரிது. 'கைநாட்டு' என்று எழுதப் படிக்கத் தெரியாதவரை நாம் இழிவாகச் சொன்ன காலம் ஒன்று உண்டு. இன்று பட்டம் பெற்றவரும் நாளொன்றுக்கு நூறு முறை செல்போனில் கைநாட்டு வைக்கிறார்!

ஒரு தம்ளர் தண்ணீரில் ஒரு சோதனை

வழவழப்பான கண்ணாடித் தம்ளர் ஒன்றை எடுத்து, முக்கால் அளவு தண்ணீர் ஊற்றுங்கள். கையை நன்றாகத் துடைத்து உலர்த்திக்கொண்டு தம்ளரை வெளிப்புறம் பிடியுங்கள். இப்பொழுது மேலிருந்து, தண்ணீரின் பரப்பு வழியாகத் தம்ளரின் உட்சுவரைப் பாருங்கள். சுவர் வெள்ளி பூசியது போல் பளபளக்கும். உங்கள் விரல்கள் தெரியா! இனி விரல்களைச் சற்று அழுத்துங்கள். அந்த வெள்ளிப் பரப்பின்மேல் உங்கள் ரேகைகள், அவற்றின் மேடுகள் மட்டும், அச்சடித்தாற்போல் தோன்றும்.

இதற்குக் காரணம் முழு அக எதிரொளிப்பு. அடர்வு மிகுந்த ஊடகத்திலிருந்து அடர்வு குறைந்த ஊடகத்திற்குச் செல்லும் ஒளி, மாறுநிலைக் கோணத்தைவிடப் பெரிய கோணத்தில் வந்து மோதினால் வெளியேறாமல் முழுவதும் திரும்பிவிடும் என்று பாடத்தில் படித்திருக்கிறீர்கள். விரலின் பள்ளங்களில் காற்று நிற்கிறது. அங்கே ஒளி திரும்பிவிடுகிறது. மேடுகள் கண்ணாடியை ஒட்டித் தொடுகின்றன. அங்கே எதிரொளிப்பு கெடுகிறது. ஆகவே மேடுகள் மட்டும் தெரிகின்றன.

ரேஷன் கடையில் பெரிதும் பயன்படும் ஒளியியல் பொறி இந்தத் தம்ளர்தான். தண்ணீருக்குப் பதிலாக ஒரு கண்ணாடி முப்பட்டகம், உங்கள் கண்ணுக்குப் பதிலாக ஒரு சிறிய கேமரா. கண்ணாடியின் ஒளிவிலகல் எண் 1.5 என்று கொண்டால், கண்ணாடிக்கும் காற்றுக்கும் இடையே மாறுநிலைக் கோணம் ஏறத்தாழ 42 பாகை. முப்பட்டகத்துள் ஒளி 45 பாகையில் வந்து விழுகிறது. 42ஐ விட 45 பெரிது; பள்ளங்களில் முழு அக எதிரொளிப்பு நடக்கிறது; படம் தெளிவாக விழுகிறது.

இப்பொழுது சோதனையின் இரண்டாம் பாதிக்கு வருவோம். விரலைத் தண்ணீரில் நனைத்துவிட்டு அதே தம்ளரைப் பிடியுங்கள். மேடும் பள்ளமும் பிரித்தறிய முடியாமல் ஒன்றாகிவிடும். பள்ளங்களில் காற்றுக்குப் பதில் தண்ணீர் நின்றுவிட்டது. பொறியிலும் இதே கதைதான். கண்ணாடிக்கும் தண்ணீருக்கும் இடையே மாறுநிலைக் கோணம் ஏறத்தாழ 62 பாகை. 45 பாகையில் வரும் ஒளிக்கு இது எட்டாத உயரம், ஒளி வெளியேறிவிடுகிறது. வியர்த்த கையும், கழுவி ஈரம் துடைக்காத கையும் ஏற்கப்படாததன் காரணம் இந்த 42க்கும் 62க்கும் இடையே உள்ள வேறுபாடுதான்.

மிக உலர்ந்த கையின் தொல்லை இதற்கு நேர்மாறானது. மேடே கண்ணாடியைச் சரியாக ஒட்டுவதில்லை. இடையே மெல்லிய காற்றுப் படலம் புகுந்து, ரேகை துண்டு துண்டாகத் தெரிகிறது. துண்டான ஒவ்வோர் இடத்தையும் பொறி 'இங்கே ஒரு ரேகை முடிகிறது' என்று எண்ணிக்கொள்கிறது. இல்லாத நுண்குறிகள் முளைத்துவிடுகின்றன!

தேய்ந்த கையோ இவை இரண்டையும் விடக் கடினமானது. தருமபுரி மாவட்டம் புளிக்குப் பெயர் பெற்றது. ஓட்டை உடைத்து, நாரை உரித்து, கொட்டையை எடுக்கும் வேலையில் பெண்களின் விரல் நுனி நாள் முழுவதும் உராய்கிறது. செங்கல் சுமப்பவர்க்கும், கோவை, திருப்பூர்ப் பக்கம் கட்டட வேலைக்குச் சென்று வருபவர்க்கும் நிலைமை இதுவே. சிமெண்டுக் கலவை காரத்தன்மை உடையது. அது தோலை அரித்து வெடிக்கச் செய்யும். அடுத்தடுத்த இரு ரேகை மேடுகளுக்கு இடையே உள்ள தொலைவு ஏறத்தாழ அரை மில்லிமீட்டர். பள்ளத்தின் ஆழம் மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. அவ்வளவு சிறிய மேட்டை உழைப்பு தேய்த்துவிடுவதில் வியப்பில்லை. வேலையை நிறுத்திச் சில வாரங்கள் ஆனால் ரேகை பெரும்பாலும் பழையபடியே வளர்ந்துவிடும் என்பது உண்மை. சில வாரங்கள் வேலையை நிறுத்த யாரால் முடியும் என்பது வேறு கேள்வி.

பேரனின் செல்போன் ஏன் திணறவில்லை? அவன் கை இளங்கை என்பது ஒரு காரணம். வேறு காரணங்களும் உண்டு. பல செல்போன்களில் ஒளிக்குப் பதில் மின்தேக்கி வேலை செய்கிறது. தோல் ஒரு தகடு, உணர்வியின் நுண்ணிய தகடு மற்றொன்று, மேட்டில் தொலைவு குறைவு, ஆதலால் மின்தேக்குத்திறன் மிகுதி, பள்ளத்தில் நேர்மாறு. திரைக்கு அடியில் ஒளியையோ மீயொலியையோ கொண்டு ரேகை காணும் செல்போன்களும் உண்டு. இவை எல்லாவற்றையும் விட முக்கியமான காரணம் ஒன்றைப் பெரும்பாலோர் கவனிப்பதில்லை. அவன் தன் விரலை அதே செல்போனில், அதே உணர்வியில், பத்துப் பதினைந்து முறை சாய்த்தும் நிமிர்த்தும் வைத்துப் பதிந்தவன். பல செல்போன்கள் ஒவ்வொரு முறை திறக்கும்போதும் புதிய விவரத்தைப் பழைய பதிவோடு சேர்த்துக்கொள்கின்றன. பாட்டியின் ரேகையோ ஆதாருக்காகப் பல ஆண்டுகளுக்கு முன், வேறு ஒரு பொறியில் பதியப்பட்டது. அன்றைய விரலோடு இன்றைய விரலை ஒப்பிடுகிறோம்.

தேர்ச்சி மதிப்பெண் யார் வைப்பது?

பொறி 'இது அவர்தான்' என்று அறிவதில்லை. அது மதிப்பெண் போடுகிறது. முன் பதிவுக்கும் இப்போதைய படத்திற்கும் எவ்வளவு ஒற்றுமை என்று ஓர் எண் வரும். அந்த எண் குறிப்பிட்ட அளவைத் தாண்டினால் 'ஆம்', இல்லையேல் 'இல்லை'. உங்கள் தேர்வில் 35 மதிப்பெண் தேர்ச்சி என்று வைத்திருப்பதைப் போன்றதே இது.

தேர்ச்சி மதிப்பெண்ணை உயர்த்தினால், அயலார் உள்ளே வருவது குறையும். ஆனால் உரியவரும் அடிக்கடி வெளியே நிற்க நேரும். தாழ்த்தினால் உரியவர் எளிதில் நுழைவார், அயலாரும் நுழைவார். முதலாவதைத் தவறான மறுப்பு என்றும், இரண்டாவதைத் தவறான ஏற்பு என்றும் சொல்வோம். ஒரே பொறியில் ஒன்றைக் குறைத்தால் மற்றது கூடும். எனவே 'இந்தப் பொறி 99 விழுக்காடு சரி' என்று யாராவது சொன்னால், எந்தப் பிழையைச் சொல்கிறீர்கள் என்று கேளுங்கள்.

செல்போன் செய்பவர்கள் எந்தப் பிழைக்கு அஞ்சுகிறார்கள் என்பதை அவர்களுடைய எண்களே காட்டும். ஆண்ட்ராய்டு செல்போன்களில் மிக உறுதியான வகுப்பில் இடம்பெறும் உணர்விக்கு, தவறான ஏற்பு 50,000க்கு ஒன்றுக்கு மேல் போகக் கூடாது என்று கூகுள் விதித்துள்ளது. தவறான மறுப்போ பத்துக்கு ஒன்று என்னும் அளவுக்குள் இருந்தால் போதும். உரியவரைப் பத்து முறையில் ஒரு முறை நிறுத்தினாலும் குற்றமில்லை; ஏனெனில் செல்போனில் இரகசிய எண் என்னும் கொல்லைப்புற வாசல் இருக்கிறது.

ரேஷன் கடையில் அதே தவறான மறுப்பின் பொருள், அன்று வீட்டில் அரிசி இல்லை என்பதாகலாம். தமிழ்நாட்டு ரேஷன் கடைகளுக்குக் கைரேகை முறை 2020 அக்டோபரில் வந்தது. அதற்கு முன்பே பிற மாநிலங்களின் பட்டறிவு நம் முன் இருந்தது. நடுவண் அரசின் 2016-17ஆம் ஆண்டுப் பொருளாதார ஆய்வறிக்கை, ஆதார் சரிபார்ப்புத் தோல்வி குஜராத்தில் 6 விழுக்காடு, ராஜஸ்தானில் 37, ஜார்க்கண்டில் 49 என்னும் மதிப்பீடுகளைக் குறிப்பிட்டது. 2018இல் உச்ச நீதிமன்றத்தின் முன் ஆதார் ஆணையத்தின் தலைமை அலுவலர் சொன்ன கணக்கு, கைரேகைக்கு 6 விழுக்காடு, கருவிழிக்கு 8.54 விழுக்காடு. ஒரே நாட்டில், ஒரே முறையில் 6க்கும் 49க்கும் இடையே இத்தனை அகலம் ஏன்? பொறி, இணையத் தொடர்பு, விரல் மூன்றும் ஊருக்கு ஊர் வேறுபடுகின்றன. சரிபார்ப்பு தோற்றதால் மட்டும் எவருக்கும் பொருள் மறுக்கப்படக் கூடாது, மாற்று வழி தர வேண்டும் என்று ஆதார் ஆணையம் 2017 அக்டோபரில் சுற்றறிக்கையே விடுத்தது. கொல்லைப்புற வாசல் இல்லாத வீட்டுக்கு முன்வாசல் பூட்டை மட்டும் இறுக்கமாக்கலாகாது என்பதே என் கருத்தும்.

முகம் என்னும் நிழற்படம்

முகத்தைக் கொண்டு திறக்கும் செல்போன்கள் இரு வகை. ஒரு வகை, முன்பக்கக் கேமராவில் விழும் தட்டையான படத்தை மட்டும் பார்ப்பது. மற்றொரு வகை, ஆழத்தையும் அளப்பது. 2017இல் வந்த ஐபோன் எக்ஸ் இரண்டாம் வகை. அது கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியால் ஏறத்தாழ 30,000 புள்ளிகளை முகத்தில் வீசுகிறது. மேடான மூக்கில் விழும் புள்ளியும் பள்ளமான கண்குழியில் விழும் புள்ளியும் வெவ்வேறு அளவு இடம் பெயர்ந்து தெரியும். அந்த இடப்பெயர்ச்சியிலிருந்து ஆழத்தைக் கணக்கிடுவது நீங்கள் படித்த முக்கோணவியலே. ஒளியைத் தானே கொண்டுவருவதால் இருட்டிலும் இது வேலை செய்யும்.

தட்டையான படத்திற்கு ஆழம் தெரியாது. ஆகவே உங்கள் புகைப்படத்திற்கும் உங்களுக்கும் வேறுபாடு தெரியாமல் போகலாம். நெதர்லாந்து நாட்டின் நுகர்வோர் சங்கம் 110 செல்போன்களைச் சோதித்து 2019 ஜனவரியில் முடிவை வெளியிட்டது. அவற்றுள் 42 செல்போன்கள் புகைப்படத்தைக் கண்டே திறந்துகொண்டன! விலை குறைந்த செல்போனில் முகத்தால் திறக்கும் வசதி இருந்தால், அது பெரும்பாலும் இந்த முதல் வகை என்றே கொள்ளுங்கள்.

அயலார் ஒருவர் தற்செயலாகத் திறந்துவிடும் வாய்ப்பு, ஆப்பிள் நிறுவனத்தின் கணக்குப்படி, கைரேகைக்கு 50,000இல் ஒன்று. முகத்திற்குப் பத்து இலட்சத்தில் ஒன்றுக்கும் குறைவு. அப்படியானால் முகமே இருபது மடங்கு மேல் என்று முடிவு கட்டிவிடலாமா? பொறுங்கள். அதே நிறுவனம் ஒன்றையும் சேர்த்துச் சொல்கிறது. இரட்டையர், உருவ ஒற்றுமையுள்ள உடன்பிறந்தோர், 13 வயதுக்கு உட்பட்டோர் ஆகியோருக்கு இக்கணக்கு பொருந்தாது. உங்கள் செல்போனைத் திறந்து பார்க்க ஆசைப்படுபவர் எங்கோ இருக்கும் அயலாரா, வீட்டில் உள்ள தம்பியா என்று எண்ணிப் பாருங்கள்! கைரேகையிலும் ஐந்து விரல்களைப் பதிந்து வைத்தால், 50,000இல் ஒன்று என்பது 10,000இல் ஒன்றாகிவிடும். நான்கு இலக்க இரகசிய எண்ணை ஒரே முறையில் ஊகித்துவிடும் வாய்ப்பும் அதுவே.

இந்த எண்கள் ஒருவரை அவருடைய பதிவு ஒன்றோடு மட்டும் ஒப்பிடும்போதுதான் செல்லும். கூட்டத்தில் எடுத்த ஒரு முகத்தைப் பெரிய பட்டியலில் தேடும்போது கதை மாறுகிறது. 2011 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டின் மக்கள் தொகை ஏறத்தாழ 7.21 கோடி. பத்து இலட்சத்தில் ஒன்று என்னும் சிறந்த பொறியைக் கொண்டு அத்தனை பேரிலும் தேடினால், தொடர்பே இல்லாத 72 பேர் 'இவரே' என்று வந்து நிற்பர்.

ஏமாற்றும் கை

தற்செயலான பிழை வேறு, வேண்டுமென்றே செய்யும் ஏமாற்று வேறு. 2013 செப்டம்பரில் ஐபோனில் கைரேகை வந்த சில நாட்களிலேயே, ஜெர்மனியின் கேயாஸ் கம்ப்யூட்டர் கிளப் என்னும் குழுவினர், கண்ணாடியில் படிந்த ரேகையைப் படம் எடுத்துப் போலி விரல் தோல் செய்து அதைத் திறந்து காட்டினர். 2018இல் தெலங்கானாவில், நிலப் பத்திரங்களில் இருந்த பெருவிரல் பதிவுகளைக் கொண்டு, ரப்பர் முத்திரை செய்யும் முறையிலேயே ஆயிரக்கணக்கான போலி ரேகைகள் செய்யப்பட்டது கண்டுபிடிக்கப்பட்டது. உயிருள்ள விரலா என்று பார்க்கும் கூடுதல் சோதனையை ஆதார் ஆணையம் 2023இல் புகுத்தியது. 2019இல் சாம்சங் செல்போன் ஒன்றில், திரைமேல் ஒட்டிய மலிவான உறையினால் யார் விரல் வைத்தாலும் திறந்த வேடிக்கையும் நடந்தது. பின்னர் மென்பொருளால் சரி செய்தனர். முகத்தின் பக்கமும் குறை உண்டு. அதே ஆண்டு வந்த கூகுளின் பிக்சல் 4, கண்ணை மூடி உறங்குபவரின் முகத்திற்கும் திறந்தது; பின்னர் அதுவும் திருத்தப்பட்டது.

இரகசிய எண் திருடு போனால் மாற்றிவிடலாம். விரலையும் முகத்தையும் மாற்ற முடியாது.

நீங்களே அளக்கலாம்

வீட்டில் உள்ள செல்போனைப் பெரியவர்களின் அனுமதியோடு எடுத்துக்கொள்ளுங்கள். உலர்ந்த விரல், கழுவியவுடன் ஈர விரல், புளி கரைத்த விரல், வெயிலில் வியர்த்த விரல் என ஒவ்வொன்றிற்கும் 20 முறை முயன்று, எத்தனை முறை மறுத்தது என்று குறித்து வாருங்கள். ஐந்து முறை தொடர்ந்து மறுத்தால் பல செல்போன்கள் இரகசிய எண் கேட்கும். அதை எண்ணில் சேர்க்க வேண்டாம். முகத்திற்கும் அவ்வாறே: பகல், விளக்கில்லா அறை, முதுகுக்குப் பின்னால் சூரியன், துணியால் பாதி மூடிய முகம். உங்கள் படத்தையே தாளில் அச்சிட்டுக் காட்டிப் பாருங்கள். திறந்துகொண்டால் முகம் என்னும் பூட்டை அன்றே நீக்கிவிடுங்கள்.

ஓர் எச்சரிக்கை. தவறான மறுப்பை நீங்கள் அளக்கலாம். தவறான ஏற்பை அளப்பது அத்துணை எளிதன்று. வகுப்பில் நூறு பேர் முயன்று ஒருவருக்கும் திறக்கவில்லை என்றால், 'பிழையே இல்லை' என்று எழுதிவிடாதீர்கள். நூறு முறையில் ஒன்றும் நேராதபோது, உண்மையான பிழை நூற்றுக்கு மூன்றைத் தாண்டாது என்று மட்டுமே ஓரளவு உறுதியாகச் சொல்ல முடியும் என்பது புள்ளியியலின் விதி. 50,000இல் ஒன்று என்பதை இவ்வாறு மெய்ப்பிக்க ஒன்றரை இலட்சம் முயற்சிகள் வேண்டும்!

இனி விடைக்கு வருவோம். ஆழம் அளக்கும் செல்போனானால் முகம் நன்று. ஈரக் கையோடும் தேய்ந்த கையோடும் வேலை செய்வோர்க்கு அது மிகவும் உதவும். வெறும் கேமராவால் முகம் பார்க்கும் செல்போனானால் கைரேகையே நன்று. வங்கிக் கணக்கும் பணம் செலுத்தும் வசதியும் இருக்கும் செல்போனில் வெறும் கேமரா முகத்தை நம்பவே கூடாது. எதுவானாலும், இரகசிய எண் 1234 ஆகவோ பிறந்த ஆண்டாகவோ இருந்தால் மேற்சொன்ன கணக்கெல்லாம் வீண்.

ரேகை விழாத பெரியவர் உங்கள் வீட்டில் இருந்தால், கையைக் கழுவி நன்கு துடைக்கச் செய்யுங்கள். மிக உலர்ந்த விரலானால் சிறிதே எண்ணெய்ப் பசை தடவித் துடைத்துவிட்டு வைக்கலாம். பெருவிரலோடு நின்றுவிடாமல், உழைப்பில் குறைவாகத் தேயும் மோதிர விரலையும் முயன்று பாருங்கள். பொறியின் கண்ணாடியைத் துடைக்கச் சொல்வதில் வெட்கம் வேண்டாம். முன்பு வைத்தவரின் எண்ணெய்ப் பசை அதில் படிந்திருக்கும். அப்படியும் விழாவிடில் ஆதார் மையத்தில் ரேகையைப் புதுப்பிக்கலாம். ஓய்வூதியர் தம் உயிர்வாழ் சான்றை முகத்தைக் காட்டியே தரும் வசதி 2021 நவம்பரில் வந்தது.

உங்களுக்கும் ஒரு வேலை இருக்கிறது. ஐந்து வயதுக்கு முன் எடுத்த ஆதாரில் கைரேகை எடுப்பதில்லை. 5 வயதிலும் 15 வயதிலும் ரேகை, கருவிழி, முகப்படம் மூன்றையும் பதிய வேண்டும். பத்தாம் வகுப்புப் படிக்கும் உங்களுள் பலர் 15ஐ எட்டியிருப்பீர்கள். 17 வயது முடிவதற்குள் இதைக் கட்டணமின்றிச் செய்துகொள்ளலாம். தேர்வு விண்ணப்பமும் உதவித்தொகையும் வரிசையில் நிற்கும் நேரத்தில் ஓடாமல், இந்த விடுமுறையிலேயே சென்று பதிந்து வாருங்கள்.